தரையில் படரும் பைன், மலையில் ஒதுங்கிய நிரம்பலி

தாமல் ஏரிக்கரையில உட்கார்ந்துகிட்டு பனிமலைச் செடியைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். கரும்புச் சோகையை எரிக்கலாமா வேண்டாமா என்ற பேச்சில் வந்தது இது. ‘எரிச்சா என்னப்பா, மழை பெஞ்சா மறுபடி தழைச்சுக்கப் போவுது’ என்றார் பக்கத்துக் கழனிப் பெரியவர். கரும்பு தழைக்கும், கோரை தழைக்கும். எல்லாச் செடிக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்று ஒரு தீவு. அங்கே உயரமான மலைத்தலைகளில் ஒரு பைன் தரையோடு தரையாகப் படர்கிறது. பேர் மைக்ரோகேக்ரிஸ் டெட்ராகோனா. பைன் என்றதும் கொடைக்கானலில் படம் பிடிக்கிற நெட்டை மரங்களை நினைக்காதீர்கள். இது பாறை இடுக்கில் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். செதில் போன்ற இலைகள் நாலு வரிசையாகக் கிளையை மூடியிருக்கும். பெண் கூம்பு முற்றினால் சிவந்து சதைப்பற்றாக, நம்ம மல்பெரிப் பழம் மாதிரியே இருக்கும். அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான் மிச்சம். உலகத்தில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை.

பனியும் காற்றும் அதற்குப் பழக்கம். தீ பழக்கமில்லை. யூகலிப்டஸ் எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். இது எரிந்தால் போச்சு. வளர்ச்சியோ ஆமை நடை. 2016 ஜனவரியில் மழையில்லாத மின்னல் அங்கே மலைக்காட்டைக் கொளுத்தியது. ஆயிரம் ஆண்டு தாண்டிய பென்சில் பைன்கள் கருகின. பிறகு 2019இல் தீ வந்தபோது, பழைய பைன்களைக் காப்பாற்றத் தெளிப்பான்களைப் போட்டு நனைத்து வைத்தார்கள். நாம நிலக்கடலைக்குப் போடுகிற தெளிப்பு நீர், அங்கே காட்டுக்கு!

சரி, இதில் நமக்கென்ன? இந்தச் செடியின் மகரந்தத்தைப் போன்ற புதைமகரந்தம் இந்தியாவின் டைனோசர் காலத்துப் பாறைகளில் கிடைத்திருக்கிறது. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளிலும் கூம்பு மரங்களின் இலைப் பதிவுகள் உண்டு. வயது பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல். இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலத்தின் துண்டுகள்தானே. பங்காளி வீட்டுச் சொத்து பிரிந்த மாதிரி.

நம்ம பங்கில் அந்தக் குடும்பத்து வாரிசு ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது. அகத்தியமலை, பெரியாறுப் பக்கத்து ஈரமான காடுகளில் அங்கங்கே நிற்கும் நிரம்பலி. தாவரவியலில் நாகேயா வாலிச்சியானா. தென்னிந்தியாவுக்குச் சொந்தமான ஒரே கூம்பு மரம் இதுதான். ஊட்டி, கொடைக்கானல் பைனும் சைப்ரஸும் வந்தேறிகள். நிரம்பலி குள்ளமல்ல, உயர்ந்த மரம். இலையும் ஊசியல்ல, அகலம். நடுநரம்பு இல்லாமல் இணையாக ஓடும் பல நரம்புகள். பார்த்தால் கூம்பு மரமென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பனையைப் போல இதிலும் ஆண் தனி, பெண் தனி. மகரந்தம் காற்றில்தான் போக வேண்டும். தூரதூரமாக ஒவ்வொன்றாய் நிற்கும்போது சுற்றுவட்டத்தில் ஆண் மரம் இல்லையென்றால் பெண் மரம் நின்றும் பயனில்லை. அதனால், ‘மரம் இருக்கே’ என்று எண்ணிக்கை மட்டும் சொல்வது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. இந்தக் குடும்பத்துப் பல மரங்களின் விதை, உலர்ந்தால் முளைப்புத்திறனை இழந்துவிடும். நெல் மாதிரிக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. காட்டிலேயே வைத்துக் காப்பாற்றினால்தான் உண்டு.

இன்னொன்று, இயற்கை உழவருக்குப் பிடிக்கும் சேதி. இந்தக் குடும்பத்து மரங்களின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். உளுந்து வேர் முடிச்சு மாதிரி தெரியும், ஆனால் உள்ளே குடியிருப்பது வேம் என்று நாம வாங்கிப் போடும் வேர் உட்பூசணத்தின் உறவு. மணிச்சத்தைத் தேடிக் கொடுப்பது அதன் வேலை. காட்டு மண்ணைக் கிளறினால், தீ வைத்தால், அந்தக் கூட்டும் கலைகிறது.

பெரியவர் கேட்டுவிட்டு, ‘அப்ப அந்தக் கன்னு ஒண்ணு கொண்டாந்து ஏரிக்கரையில வைப்பமா?’ என்றார். வேண்டாங்க. தாமல் வெயிலில் அது நிற்காது. காட்டிலிருந்து கன்று பிடுங்குவது குற்றமும்கூட. நம்ம கரைக்குப் பனையும் புங்கனும் போதும். நிரம்பலிக்கு வேண்டியது, அதன் மலையிலேயே ஆணும் பெண்ணும் பக்கத்தில் நிற்கிற அளவுக்குக் காடு.

சோகையை அவர் இன்னும் எரிக்கவில்லை. கழனியில் அப்படியே கிடக்கிறது.