காய்ச்சலுக்குக் காரணமான கிருமி எது?

வீட்டில் ஒருவருக்கு ஐந்து நாட்களாகக் காய்ச்சல் விடவில்லை. டைபாய்டாக இருக்கலாம் என்று ஐயுறும் மருத்துவர், இரத்தத்தைக் 'கல்ச்சர்' சோதனைக்கு அனுப்புகிறார். "முடிவு தெரிய மூன்று, நான்கு நாட்கள் ஆகும்" என்கிறார்கள் சோதனைக்கூடத்தில். இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவைச் சில நிமிடங்களில் அறிந்துவிடுகிறோம். இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாட்கள்? அந்த நாட்களில் அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் வளர்க்க வேண்டும்

டைபாய்டை உண்டாக்குவது சால்மொனெல்லா டைபி என்னும் பாக்டீரியா. நோயாளியின் இரத்தத்தில் இது பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்று என்ற அளவிலேயே காணப்படும். ஒரு சொட்டு இரத்தத்தை நுண்நோக்கியில் வைத்துத் தேடினால் அகப்படுமா? ஆகவே, பெரியவர்களிடமிருந்து ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, சத்துள்ள திரவத்தில் கலந்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கின்றனர். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிளவுபடும் ஒரு பாக்டீரியா, 8 மணி நேரத்தில் ஒரு கோடியே 67 லட்சமாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்! இரத்தத்திலிருந்து வந்த கிருமி உடனே இந்த வேகத்தில் பெருகுவதில்லை. குப்பியில் வளர்ச்சி தெரியப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களாகும். சில சமயம் இன்னும் கூடும்.

சாயம் சொல்லும் செய்தி

வளர்ச்சி தெரிந்ததும் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் பூசிச் சாயமேற்றுகின்றனர். டென்மார்க் நாட்டு மருத்துவர் கிராம், பெர்லினில் பணியாற்றியபோது 1884இல் வெளியிட்ட முறை இது. முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின். அடுத்து ஆல்கஹாலால் கழுவுகின்றனர். தடித்த சுவருடைய பாக்டீரியா ஊதா நிறத்தை விடுவதில்லை. மெல்லிய சுவருடையது வெளிறிவிடும். இறுதியில் இடும் சிவப்புச் சாயத்தை ஏற்கும். டைபாய்டுக் கிருமி சிவந்த சிறு குச்சிபோல் தெரியும். ஆனால், குடலில் வாழும் ஈ.கோலையும் அதே தோற்றம் உடையதே! எனவே அடுத்த சோதனை தேவைப்படுகிறது.

கடற்பாசி செய்த உதவி

குப்பியிலிருந்து எடுத்த திரவத்தைப் பெட்ரி தட்டில் கம்பி வளையத்தால் கோடு கோடாக இழுக்கின்றனர். இழுக்க இழுக்கக் கிருமிகள் குறைந்து, கடைசியில் தனித்தனியே விழுகின்றன. ஒவ்வொன்றும் மறுநாள் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளர்ந்து நிற்கும். தட்டிலுள்ள உணவைக் கூழாக இறுகச் செய்வது அகர். நம் வீடுகளில் இனிப்புச் செய்யும் கடற்பாசிதான் அது! முன்பு பயன்பட்ட ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும். ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தம் சமையலறையில் பயன்பட்ட அகரை 1881இல் பரிந்துரைத்தார்.

இத்தட்டுகளில் ஒன்றில் பால் சர்க்கரையும், அமிலம் பட்டால் நிறம் மாறும் சாயமும் இருக்கும். ஈ.கோலை அச்சர்க்கரையை உண்டு அமிலம் வெளியிடுவதால் இளஞ்சிவப்பாகும். டைபாய்டுக் கிருமி அதைத் தொடாது. அதன் புள்ளிகள் நிறமின்றி இருக்கும். வேறு சில சர்க்கரைகளையும் யூரியாவையும் கொடுத்து, எதை உண்கிறது, எதை விடுகிறது என்றும் சோதிக்கின்றனர். இறுதியில், டைபாய்டுக் கிருமிக்கு எதிரான சீரத்துடன் கலந்ததும் திரிந்த பால்போல் திரண்டால், ஆள் அகப்பட்டுவிட்டது எனலாம்.

இன்று சில பெரிய கூடங்களில், கிருமியை லேசர் கதிரால் தாக்கி, அதன் புரதங்களின் நிறையைக் கொண்டு இனத்தைச் சில நிமிடங்களில் கூறும் கருவிகள் உள்ளன. அவற்றுக்கும் பொதுவாக வளர்த்தெடுத்த கிருமியே தேவை.

எந்த மருந்துக்கு அடங்கும்?

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. கிருமியைத் தட்டு முழுதும் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு காகித வட்டுகளை வைக்கின்றனர். மருந்து வேலை செய்தால் மறுநாள் வட்டைச் சுற்றி வளர்ச்சியற்ற வளையம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து முடிவு கூறுகின்றனர். இது வீண் வேலையன்று. டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக விளங்கிய குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத கிருமி, 1972இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் பரவியது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் பரவத் தொடங்கிய கிருமியோ, செப்ட்ரியாக்சோனுக்கும் அடங்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

இச்சோதனை முழுவதும் உயிருள்ள கிருமியை நம்பியே இருக்கிறது. கடையில் தாமாகவே வாங்கி விழுங்கிய இரண்டு மாத்திரைகள் நோயைத் தீர்க்காமல், குப்பியில் கிருமி வளர்வதை மட்டும் தடுத்துவிடக்கூடும். அப்போது "வளர்ச்சி இல்லை" என்று முடிவு வரும். நோயோ உள்ளே இருக்கும். எனவே, முதல் மாத்திரைக்கு முன்பே இரத்தம் கொடுப்பது நல்லது. முன்பே மருந்து உண்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நோய் கடுமையானால், இரத்தம் எடுத்தவுடனேயே மருத்துவர் மருந்தைத் தொடங்கிவிடுவார். அந்த மருந்து சரிதானா என்பதை முடிவு காட்டும். ஆகவே, காய்ச்சல் தணிந்துவிட்டாலும் அந்தத் தாளை வாங்கி வந்து அவரிடம் காட்டத் தவறாதீர்கள்.