பொதுவிடத்துப் புகையும் தனிமனிதன் உரிமையும்

ஒருவன் தன் கைப்பொருளைச் செலவிட்டுத் தான் விரும்பிய புகையிலையைப் புகைக்கின்றான். அதனைத் தடுத்தற்கு அரசுக்கு உரிமை யாது? பொதுவிடங்களிற் புகைபிடித்தலைத் தடைசெய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் இவ்வினாவும் உடனெழுந்தது. புகையிலையைப் பழித்தல் ஆங்கிலேயர்க்குப் புதிதன்று. 1604ஆம் ஆண்டிலேயே அவர்தம் மன்னன் முதலாம் யேம்ஸ் அதனைக் கண்டித்து நூலொன்று இயற்றினான். சுங்கவரியையும் மிக உயர்த்தினான். வழக்கம் ஒழிந்திலது.

உரிமை பேசுவோர்க்கு யோன் ஸ்ரூவாட் மில் பெருந்துணையாவர். ஒருவனுடைய நன்மையைக் கருதி அவனை வற்புறுத்தலாகாது, பிறர்க்குத் தீங்கு நேராமற் காத்தற்கு மட்டுமே வற்புறுத்தலாம் என்று, சுதந்திரம் பற்றி 1859இல் வெளியிட்ட நூலில் அவர் வரையறுத்தார். 1950இல் டொல், ஹில் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை விளக்கியபோதும் இவ்வரண் உடையவில்லை. கெடுவது புகைப்பவன் உடலேயன்றோ! அதனை உடைத்தது 1981இல் யப்பானிய அறிஞர் ஹிரயாமா வெளியிட்ட ஆராய்ச்சியாகும். தாம் புகையாத மனைவியரும், கணவர் மிகுதியாகப் புகைப்பவராயின், அந்நோய்க்கு ஆளாதல் கூடுதலென அவர் காட்டினார். புகையிலை வணிகர் கடுமையாக மறுத்தனர். பின்வந்த ஆராய்ச்சிகளோ அம்முடிபை வலியுறுத்தின. மில்லின் கொள்கையே அதன்பின் தடையை வேண்டுவோர்க்குச் சான்றாயிற்று.

அயர்லாந்து 2004 மார்ச் 29ஆந் திகதி முதல், மதுச்சாலை உட்பட மூடிய வேலைத்தலங்களிற் புகைத்தலைத் தடுத்தது. ஈண்டு நோக்கற்பாலது வேலைத்தலம் என்னுஞ் சொல்லாகும். குடிப்பவன் தானே விரும்பி வருகின்றான். வேண்டாவெனின் எழுந்து போகலாம். மது வார்த்துக் கொடுக்கும் பணியாளனோ தன் வேலைநேரம் முழுவதும் அப்புகையினுள் நின்றாக வேண்டும். அவன் வேறு தொழில் தேடிக்கொள்க என்பது விடையாகாது. சுரங்கத் தொழிலாளிக்கு அவ்வாறு கூறிப் பாதுகாப்புச் சட்டத்தைக் கைவிடுவார் உளரோ?

இங்கிலாந்தில் வாதம் வேறொரு திசையிற் சென்றது. வறியோர் தமக்குள்ள சில இன்பங்களுள் ஒன்றாகவே புகைத்தலைக் கருதுகின்றனர் என்று சுகாதார மந்திரி யோன் றீட் 2004இற் கூறினார். பலர் சினந்தனர், எனினும் அது முற்றாக இகழத்தக்க கூற்றன்று. அக்குளிர்நாட்டு உழைப்பாளிக்கு மதுச்சாலை வீட்டின் மற்றோர் அறை போன்றது. நம்மூர்த் தவறணையை வைத்து அதனை மதிப்பிடலாகாது. ஆயின் அரசு கண்ட சமரசமே விந்தையானது. உணவு சமைத்து விற்கும் மதுச்சாலையிற் புகை கூடாதாம். உணவில்லாதவிடத்தும் அங்கத்தவர் சங்கங்களிலும் ஆகலாமாம்! புகை கெடுப்பது சோற்றையோ, சுவாசப்பையையோ? உணவு விற்காத மதுச்சாலைகள் வறியோர் வாழும் பகுதிகளிலேயே மிகுதி. ஆகவே காவலின்றி விடப்படவிருந்தோரும் வறியோரே. 2006 பெப்ரவரி 14ஆந் திகதி, கட்சிக் கட்டுப்பாடின்றி வாக்களித்த பொதுமக்கள் சபை, 384க்கு 184 என்ற கணக்கில் அவ்விலக்குகளை நீக்கிற்று. தடை 2007 யூலை 1இல் நடைமுறைக்கு வந்தது.

ஸ்கொத்லாந்து 2006 மார்ச்சிலேயே தடைவிதித்திருந்தது. அங்கே ஒன்பது வைத்தியசாலைகளிற் செய்த ஆராய்ச்சியில், கடும் இருதய நோயால் அனுமதிக்கப்பட்டோர் தொகை முந்திய ஆண்டின் அதே பத்து மாதங்களினும் 17 வீதம் குறைந்திருந்தது. மதுச்சாலைகள் பல பின்னர் மூடப்பட்டன என்பதும் உண்மையே. மலிவான மது பெருங்கடைகளில் விற்கப்பட்டமையும் அதற்கொரு காரணமாதலின், பழி முழுவதையும் சட்டத்தின்மேற் சுமத்தல் பொருந்தாது.

2015 ஒக்டோபர் 1 முதல், 18 வயதுக்குட்பட்டோர் இருக்கும் மூடிய காரினுள்ளும் இங்கிலாந்திற் புகைத்தல் தடுக்கப்பட்டது. வீட்டு வாயிலை அச்சட்டம் கடக்கவில்லை. ஹிரயாமா ஆராய்ந்த மனைவியர் புகையைச் சுவாசித்ததோ வீட்டினுள்ளேயாம்.