முந்திரிகைப் பந்தலும் வீமனும்

உரும்பிராயில் உள்ள பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போனால் முதலில் எதிரே வருவது வீமன்தான். மண்ணிறத்தில் ஒரு ஊர் நாய், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். படலையில் வந்து மணந்து பார்த்துவிட்டு, திரும்பிப் பந்தலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். கடும் வெயிலிலும் அங்கே நிலம் குளிர்ந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்று சொல்வது திராட்சையை. தமிழ்நாட்டில் அதே சொல்லுக்குக் கஜு என்று பொருள். பெரியப்பாவிடம் இருப்பது மூன்று பரப்பு. பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர் என்பதால், இது மிகச் சிறிய தோட்டம். ஆனால் அந்த மூன்று பரப்பில்தான் அவருடைய இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

கடந்த மே மாதம் நான் போனபோது அவர் கொடி வெட்டிக்கொண்டிருந்தார். பச்சையாக நின்ற பந்தல் பாதி நாளில் வெறும் தடிகளாகிவிட்டது. பார்க்கவே மனம் பதைத்தது. அவர் சிரித்தார்.

"வெட்டுறதுக்குப் பயந்தால் முந்திரிகை வைக்கக் கூடாது, பிள்ளை."

அதற்கு ஒரு காரணம் உண்டு. குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் முந்திரிகை இலையை உதிர்த்து உறங்கிவிடும். வசந்தத்தில் விழித்துப் பூக்கும். எங்களுக்குப் பனிக்காலம் இல்லை. வெட்டாமல் விட்டால் கொடி இலையும் தண்டுமாகப் படர்ந்துகொண்டே போகும், காய் சரியாகப் பிடிக்காது. அதனால் தண்ணீரைக் குறைத்து, இலைகளை அகற்றி, கொடியை வெட்டி, அந்த உறக்கத்தை நாங்களே உண்டாக்குகிறோம். பிறகு உரமிட்டுத் தண்ணீர் கட்டினால் இரண்டு கிழமைக்குள் மொட்டு வெடிக்கும். வெட்டிய நாளில் இருந்து ஏறக்குறைய நான்கு மாதங்களில் பழம் எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை இப்படிச் செய்யலாம்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் முழு விவசாயமும் இருக்கிறது. பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். ஈரம் நின்றால் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை அடிப்பார்கள். பிரான்சின் போர்டோ பகுதி முந்திரிகைத் தோட்டங்களில் 1880களில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து அது. மருந்து அடிக்கும் நாளில் வீமனை வீட்டின் பின்புறம் கட்டிவிடுவார்கள்.

ஒக்டோபரில் தொடங்கும் மாரிமழைக்கு முன்னர் ஒரு அறுவடையை முடித்துவிட வேண்டும். பெரியப்பாவுக்கு ஒக்டோபர் என்றால் இன்னொரு நினைவும் உண்டு.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அப்போது எனக்கு ஐந்து வயது. அம்மாவின் தோளில் நனைந்தபடி போனது மட்டும் நினைவிருக்கிறது. பெரியப்பா குடும்பம் கோப்பாய் வழியாகக் கைதடிக்குப் போனது. அவர்களோடு ஒரு நாயும் நடந்தது. அதன் பெயரும் வீமன்தான். பாலத்தடியில் கால் வைக்க இடமில்லாத சனம். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் சைக்கிள். கரை ஏறிப் பார்த்தபோது நாய் இல்லை.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. ஆட்களையே இழந்த ஊரில் நாயைப் பற்றி என்ன கதைப்பது என்ற கூச்சம். "காணாமல் போன வீமன்" என்று நான் ஒருமுறை சொன்னபோது பெரியப்பா திருத்தினார்.

"அது காணாமல் போகேல்லை. நாங்கள்தான் விட்டிட்டு வந்தனாங்கள்."

அதன்பிறகு வீட்டுக்கு வந்த எல்லா நாய்களுக்கும் அதே பெயர்தான். இது நான்காவது வீமன்.

1996 மே மாதத்தில் அவர்கள் திரும்பி வந்தபோது பந்தல் கம்பிகள் இல்லை. தூண்கள் சில நின்றன. கொடிகள் காய்ந்து கிடந்தன. பெரியப்பா அவற்றைப் பிடுங்கவில்லை. அடியோடு வெட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். முந்திரிகை தன் உணவை வேரிலும் அடித்தண்டிலும் சேமித்து வைக்கும். மேலே செத்தாலும் அடியில் உயிர் இருந்தால் துளிர்க்கும். பதினாறு கொடிகள் துளிர்த்தன. இன்றைய தோட்டத்தின் பெரும்பகுதி அவற்றில் இருந்து வெட்டி நட்ட தடிகள்தான்.

அதற்குப் பிறகும் சோதனை முடியவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. பறித்த பின் மேலும் பழுக்காத பழம் முந்திரிகை. கொடியிலேயே பழுத்தால்தான் உண்டு, பழுத்த பிறகு காத்திருக்காது. கொழும்புக்குப் போக வேண்டிய பழத்தை ஊருக்குள் கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது ஒரு போகம் முழுவதும் மெலிந்துபோனது. ஆனால் உரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. அளவுக்கு மிஞ்சி இடும் உரம் நைத்திரேற்றாக அதே கிணற்றில் இறங்குகிறது. வலிகாமத்தின் பல கிணறுகளில் அது குடிநீருக்கான எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இப்போது பெரியப்பா மாட்டெருவையே கூடுதலாகப் போடுகிறார்.

சென்ற அறுவடையின்போது வீமன் செத்துப் பிழைத்தது. கழித்துப் போட்ட வெடித்த பழங்களைத் தின்றுவிட்டது. இரவு முழுக்கச் சத்தி, மறுநாள் எழும்பவில்லை. கால்நடை வைத்தியர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்: முந்திரிகை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எல்லா நாய்களுக்கும் அப்படி ஆவதில்லை. எவ்வளவு தின்றால் ஆபத்து என்றும் கணக்குச் சொல்ல முடியாது. புக்கையிலும் கேக்கிலும் போடும் முந்திரிகை வற்றலும் அப்படித்தான். நாய் வளர்ப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். தின்றது தெரிந்தால் சத்தி வரும்வரை பார்த்திராமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

மூன்று நாட்கள் சேலைன் ஏறியது. எழுபத்துநான்கு வயது மனிதர் மூன்று நாட்களும் சாக்கை விரித்து நாயின் பக்கத்திலேயே இருந்தார். பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "இந்த முறை விட்டிட்டு வரமாட்டன்" என்றாராம். நான்காம் நாள் வீமன் தண்ணீர் குடித்தது.

கனடாவில் இருக்கும் மகன் தோட்டத்தை விற்றுவிட்டு வரச் சொல்கிறார். அதில் பிழையில்லை. கூலிக்கு ஆள் இல்லை, பந்தலுக்குக் கீழே கையை உயர்த்தி நின்று வெட்டப் பெரியப்பாவின் தோளும் இடம் கொடுப்பதில்லை. பெரியம்மாவுக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசை. "நீங்கள் என்ன சொல்லப் போறியள்?" என்று கேட்டேன்.

"இப்ப வெட்டியாச்சு. இனிப் பழம் எடுக்காமல் எப்பிடிப் போறது?"

கணக்குப் பார்த்தேன். மே நடுவில் வெட்டியது செப்டெம்பரில் பழமாகும். அதற்குப் பிறகு மாரிமழை. மழை முடிந்தால் மறுபடி வெட்டுவார். அப்போதும் இதே பதிலைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

கழித்த பழங்களைப் போட இப்போது மூடியுள்ள ஒரு பரல் வாங்கி வைத்திருக்கிறார். மூடியின் மேல் ஒரு கல்லும் இருக்கிறது. வீமன் அதை ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு, பந்தலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.