செண்டுமல்லியில் இலைக்கருகல் நோய்
அடியிலையில் தடுத்தால் பூ தப்பும்

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் பூ பறிக்க வேண்டும் என்ற கணக்கில் ஆடி, ஆவணியில் செண்டுமல்லி நடுவது வழக்கம். நட்ட 60 நாட்களில் பூக்கத் தொடங்கும். பூவுக்கு நல்ல விலை கிடைக்கும் நாளும், மழை பிடித்துக்கொள்ளும் நாளும் ஒன்றாகவே வருவதுதான் இப்பயிரில் உள்ள சங்கடம். அந்த மழையில் பரவும் இலைக்கருகல் நோய், இரண்டு மாதப் பாட்டைப் பத்தே நாளில் பாழாக்கிவிடும். துலுக்கச் சாமந்தி என்றும் அழைக்கப்படும் இச்செடி பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் பாத்திகளில் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. அங்கும் இந்நோய் வருவதுண்டு.

நோயின் அறிகுறிகள்

ஆல்டர்னேரியா என்னும் பூசணத்தால் இந்நோய் உண்டாகிறது. முதலில் மண்ணை ஒட்டிய அடியிலைகளில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். இவை நாளடைவில் பெரிதாகி, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கருஞ்சிவப்பும் கொண்ட வட்டங்களாகும். பல புள்ளிகள் ஒன்று சேர்ந்தால் இலை முழுவதும் கருகி உதிரும். பின்னர் நோய் தண்டுக்கும் மொட்டுக்கும் ஏறும். மொட்டு விரியாமல் காயும். விரிந்த பூவிலும் இதழ்கள் பழுப்பாகிவிடும். மூட்டையில் இத்தகைய பூ சிறிது கலந்திருந்தாலும் மூட்டை முழுவதற்கும் விலை குறையும்.

வெயில் காலத்தில் இலைகள் வெளிறி, அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை காணப்பட்டால் அது சிவப்புச் சிலந்தியின் வேலை. அதற்குப் பூசணக் கொல்லி தெளிப்பது வீண் செலவாகும்.

பரவும் விதம்

இப்பூசணம் வயலில் கிடக்கும் பழைய செடிக் கழிவுகளில் தங்கி இருக்கும். மழைத் துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது வித்துக்கள் அடியிலையில் ஒட்டுகின்றன. இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால் அவை முளைத்து உள்ளே நுழையும். பிறகு காற்றும் மழையும் அடுத்த செடிகளுக்குக் கொண்டு செல்லும். விதை மூலமாகவும் நோய் வரும். கருகிய பூக்களைக் காயவைத்து அவற்றிலிருந்து விதை எடுப்பவர்கள், அடுத்த பருவத்து நோயைத் தாங்களே சேமித்து வைக்கிறார்கள்.

முன்னதாகச் செய்ய வேண்டியவை

விதைக்கென நோயற்ற செடிகளை முன்பே குறித்து வைத்து, அவற்றின் பூக்களை மட்டும் மழையில்லா நாளில் பறித்து உலர்த்த வேண்டும். விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்வது நாற்றழுகலையும் குறைக்கும். குழித்தட்டு நாற்று வாங்குவோர், புள்ளி விழுந்த நாற்றுகளை ஒதுக்கிவிட வேண்டும்.

பார்கட்டி, 45 செ.மீ. பார் இடைவெளியில், செடிக்குச் செடி 35 செ.மீ. விட்டு நடவேண்டும். செடி கூடினால் பூ கூடும் என்று நெருக்கி நட்டால் காற்றோட்டம் தடைப்பட்டு, இலை ஈரம் காயாது. நட்ட 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 18 கிலோ தழைச்சத்து, அதாவது சுமார் 40 கிலோ யூரியா போதுமானது. அதற்கு மேல் இட்டால் செடி தழைத்து அடர்ந்து, நோய்க்கு இடம் கொடுக்கும்.

பூவாளியாலோ தெளிப்பு நீராலோ செடியின் மேல் நீர் ஊற்றுவதைத் தவிர்த்து, வாய்க்கால் வழியாகவோ சொட்டு நீராகவோ காலையில் பாய்ச்சுவது நல்லது. மழை நீர் தேங்காமல் வடிய வழி செய்ய வேண்டும்.

மருந்து தெளிக்கும் முறை

வாரம் இருமுறை வயலுக்குள் இறங்கி, குனிந்து அடியிலைகளைப் பார்க்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் மேலே உள்ள பச்சை மட்டுமே தெரியும். புள்ளி கண்ட இலைகளைக் கிள்ளி, வரப்பில் போடாமல் எரித்துவிட வேண்டும். உடனே ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் மேன்கோசெப் கலந்து, ஒட்டும் திரவமும் சேர்த்து, இலையின் இருபுறமும் நனையுமாறு தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் நீரும் 400 கிராம் மருந்தும் தேவைப்படும். மழை நீடித்தால் 10 முதல் 15 நாட்கள் விட்டு மீண்டும் தெளிக்கலாம்.

இம்மருந்து இலையின் மேல் படிந்து பூசணத்தை உள்ளே விடாமல் காக்குமே தவிர, கருகிய இலையையோ பூவையோ மீட்டுத் தராது. ஆகவே பூ கருகிய பிறகு தெளிப்பதில் பயனில்லை. பூப்பறிப்பு முடிந்த உடனே தெளிப்பது முறையாகும். தெளித்த ஈரம் காயுமுன் பூப்பறிக்கும் பெண்களை வயலில் இறக்கக் கூடாது. தெளிப்பவர் முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்வது அவசியம்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடிகளை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, அடுத்த பருவத்தில் சோளம் அல்லது பயறு வகை பயிரிட வேண்டும். செண்டுமல்லிக்குப் பின் செண்டுமல்லி என்று தொடர்ந்து நட்டால், நோய் வயலிலேயே நிலைத்துவிடும். மழை தொடங்கும் முன் அடியிலைகளைக் கவனிக்கும் விவசாயி, பண்டிகை நாளில் கருகாத பூவைச் சந்தைக்குக் கொண்டு போகலாம்.