கல்லாய் உறைந்த மழை

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை. சம்பளம் போயிற்றே என்று கவலைப்படுவோம். மழை விட்டதும் மறுநாள் மரத்தடிக்குப் போய்விடுவோம். ஆனால், விழுந்த இடத்திலேயே கல்லாய் உறையும் மழையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒண்டாரியோ மாநிலங்களில் அப்படி ஒரு மழை கொட்டியது.

மேலே வெப்பக் காற்று. நிலத்தையொட்டி உறைய வைக்கும் குளிர். நீராக இறங்கும் துளி மரத்தையோ கம்பியையோ தொட்டவுடன் பனிக்கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். ஜனவரி 5 முதல் 10 வரை, மாண்ட்ரியல் நகரில் விட்டு விட்டு 80 மணி நேரத்துக்கும் மேல் இப்படிப் பெய்தது. ஊரே கண்ணாடியால் செய்தது போல மின்னியது. ஆனால் அந்தப் பாரம் தாங்காமல் 30,000க்கும் மேற்பட்ட மின்சாரக் கம்பங்கள் முறிந்தன. பெரிய இரும்புக் கோபுரங்களும் மடங்கி விழுந்தன.

சுமார் 40 லட்சம் பேர் இருளில் மூழ்கினார்கள். கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவதே மின்சாரம்தான். சில இடங்களுக்கு மின்சாரம் திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று.

புதிய வசதிகள் கைவிட்டபோது காப்பாற்றியது, புகைபோக்கி வைத்த பழைய விறகடுப்பு. அடுப்பு உள்ள வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடிப் படுத்தார்கள். பள்ளிக்கூடங்கள் தங்குமிடங்களாயின. போஷெர்வில் என்ற ஊரில் ரயில் எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து இறக்கி, தெருவிலே ஓட்டி வந்து, நகராட்சிக் கட்டடத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள்! பண்ணைகளில் கறவை இயந்திரம் நின்றுபோக, மாடுகள் மடி கனத்துத் தவித்தன. ஒரே ஜெனரேட்டரைப் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய்ப் பால் கறந்தார்கள்.

நம்மைப் போல மரத்தை நம்பிப் பிழைப்பவர்கள் அங்கும் உண்டு. மேப்பிள் மரத்தில் துளையிட்டு, வடியும் இனிப்பு நீரைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். ஒரு மரம் அந்தப் பருவத்துக்கு வர ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகும். கிளைகள் ஒடிந்து மொட்டையாய் நின்ற தோப்பைக் கண்டு அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அந்த நாட்களில் கனடாவில் 25 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். குளிர் மட்டுமே காரணமல்ல. மூடிய வீட்டுக்குள் கரியும் ஜெனரேட்டரும் கக்கிய கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் சிலரைக் கொன்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலிக்கும், மயக்கம் வரும். பிறகு எழுந்திருக்க முடியாது.

நம் ஊரில் பனிமழை இல்லை. ஆனால் வெள்ளமும் மின்வெட்டும் வருகின்றனவே! விளக்கு அணைந்த இரவில் கரியடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை மட்டும் மறக்காமல் அழைத்து வாருங்கள்.