பழைய வண்டியும் புதிய நாடும்

மாடு வாங்கப் போகிறவன் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்; பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பான்; கடைசியாகத்தான் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவான். திருநெல்வேலிச் சீமையில் என் பாட்டனார் நாற்பது ஆண்டுகள் இப்படித்தான் மாடு வாங்கினார். அவருடைய பேரனாகிய நான், கட்கியில் ஒரு பழைய காரை வாங்கப் போனபோது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதலில் விலை பேசினேன். உடனே முன்பணம் கொடுத்தேன். பல்லைப் பார்க்கவே இல்லை. ஐயாயிரம் ரூபாய் போயிற்று. போனது போகட்டும், அது கற்பித்த பாடமாவது நம் மன்றத்து நண்பர்களுக்குப் பயன்படட்டும் என்றே இக்கட்டுரையை எழுத முற்படுகிறேன்.

மாணவனுக்குக் கார் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் இங்கு வந்து ஓராண்டு ஆயிற்று. கட்கிக் கடைத்தெருவுக்கு அருகே அறை, கணேஷ்கிண்டில் பல்கலைக்கழகம், இரண்டுக்கும் இடையே ஒரு சாலை. இவ்வளவே நான் அறிந்த மராட்டிய நாடு! 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய களத்தின்மீதுதான் நாள்தோறும் போய்வருகிறேன் என்பதைக்கூட எட்டு மாதங்கள் கழித்தே அறிந்தேன். தஞ்சையை ஆண்ட ஏகோஜி, சிவாஜிக்குத் தந்தைவழித் தம்பி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்தச் சிவாஜி பிறந்த சிவநேரிக் கோட்டையோ இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இருந்தும் நான் பார்க்கவில்லை. வந்த நாட்டை அறியாமல் பட்டம் மட்டும் பெற்றுத் திரும்புவது, விருந்துக்குப் போய்த் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டு வருவது போலல்லவா?

அரசுப் பேருந்து உண்டு, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே நாளில் மலை, குகை, கோட்டை என்று மூலைமுடுக்கெல்லாம் சென்று திரும்ப வேண்டுமானால் அது இயலாது. ஆகவே நண்பர்கள் நால்வர் கூடி, ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் போட்டுப் பழைய கார் ஒன்று வாங்குவதென முடிவுசெய்தோம்.

முதல் வண்டி பார்வைக்கு மாப்பிள்ளை போல் இருந்தது. புதிய வண்ணம், புதிய இருக்கையுறை. தரகர் ஒருவர் காட்டினார், நான் மயங்கினேன். முன்பணம் கொடுத்த பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தைப் படித்தேன். அதில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயரில் அடமானக் குறிப்பு இருந்தது. கடன் தீர்ந்தாலன்றி வண்டி விற்பவருக்கே முழு உரிமையுடையதன்று. கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட படிவம் 35 இல்லாமல் அக்குறிப்பு நீங்காது. அது கிடைக்கவில்லை, முன்பணமும் திரும்பவில்லை.

எனவே முதற்பாடம்: வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால் பதிவு, காப்பீடு ஆகியவற்றின் நிலை தெரியும். கட்டாத அபராதங்களையும் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

இங்கு வயதுக்கணக்கு ஒன்று முக்கியம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்த் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, எளியோரின் காராக முப்பதாண்டுக் காலம் ஓடி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. ஆனால் 2010 ஏப்ரலில் 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகைவிதி வந்தபோதே புனேயில் அதன் விற்பனை நின்றுவிட்டது. ஆகவே புனேயில் புதிதாக விற்ற மாருதி 800 எதுவாயினும் இன்று பதினைந்து வயதைக் கடந்ததே. பதிவு புதுப்பிக்கப்பட்டதா என்று கேளாமல் வாங்கினால் அச்செலவு நம் தலையில் விழும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ஆக உயர்த்தப்பட்டது. தாமதித்த மாதங்களுக்கு அபராதம் வேறு. மராட்டியத்தில் பழைய வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் வரியும் உண்டு. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கடன் கேட்ட கதையாகிவிடக் கூடாது.

இனிப் பல்லைப் பிடித்துப் பார்ப்போம். கட்கியில் பட்டறை வைத்திருக்கும் வேலூர்க்காரர் ஒருவர், மூன்று தலைமுறையாக இங்கேயே வாழ்பவர், எனக்கு இதைக் கற்பித்தார். "தம்பி, நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிடு" என்றார். காரணம் அறிவியலே. என்ஜின் சூடேறினால் உலோகம் விரிந்து இடைவெளிகள் குறையும், எண்ணெயும் எங்கும் பரவிவிடும், நோய்கள் மறைந்துகொள்ளும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதுதான் உண்மை வெளிப்படும். புகை நீலமானால் எண்ணெய் எரிகிறது. தேய்மானம் மிகுதி என்று பொருள். கறுத்த புகை, பெட்ரோல் முழுதும் எரியாமையைக் காட்டும். குளிர்காலையில் சிறிது வெண்புகை இயல்பு; சூடேறிய பின்னும் நில்லாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறலாம்.

பின்பு காலடி விரிப்பைத் தூக்கித் தரையில் துரு உண்டா என்று பார்த்தார். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களைப் படித்தார்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது சாலைக்கு உதவாது. இறுதியாகப் பெட்ரோல் குழாய்களை அழுத்திப் பார்த்தார். இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர்க் குழாய்கள் அதற்கென்று செய்யப்பட்டவையல்ல. நாளடைவில் ஊறி வெடிக்கலாம். இவற்றையெல்லாம் பார்த்த பிறகே நடக்கவிட்டுப் பார்த்தோம். நேர்சாலையில் பிரேக் பிடித்தபோது வண்டி எப்பக்கமும் இழுக்கவில்லை.

2009இல் பதிவாகி, 2029 வரை புதுப்பிக்கப்பெற்ற வண்டி. விலை 34,000. குழாய்கள், பாட்டரி, பிரேக் கட்டைகள், காப்பீடு ஆகியவற்றுக்கு 11,000. எஞ்சிய மூவாயிரம், பெட்ரோலுக்கு.

சாவி கைக்கு வந்ததோடு விற்பனை முடிவதில்லை. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவங்கள் 29, 30. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ளவரையே சாரும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் வண்டி என் பெயரில் உள்ளது. நால்வரில் யார் ஓட்டினாலும் பொறுப்பு என்னுடையதே என்பதை அன்றிரவு படுக்கையில்தான் முழுதும் உணர்ந்தேன். மறுநாளே, உரிமம் உள்ளவர் மட்டுமே ஓட்டுவது, செலவைச் சமமாகப் பகிர்வது என எழுதி நால்வரும் கையொப்பமிட்டோம். நட்பைக் காப்பதற்கு எழுத்து நல்ல வேலி.

முதற்பயணம் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று. சாக்கன், ராஜ்குருநகர், மஞ்சர் வழியே நாராயண்காவ் சென்று, அங்கிருந்து கோடத் சிற்றூரை அடைந்தோம். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது அலைவாங்கிகள் அங்கும் சுற்றுப்புறத்திலும் பரந்து நின்று விண்ணின் வானொலி அலைகளைக் கேட்கின்றன. இதை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப் அவர்கள்தாம் நம் உதகையிலும் 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கியை 1970இல் முடித்தவர். அங்கே மலைச்சரிவின் கோணம் அவ்வூரின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறத்தாழ 11 பாகையாக, இருப்பதைக் கண்டு அவ்விடத்தைத் தேர்ந்தார்கள். நீலகிரியைப் பார்த்த கண்ணே இந்தக் கரட்டு நிலத்தையும் பார்த்திருக்கிறது என்று எண்ணியபோது, ஊர் அருகில் வந்துவிட்டது போலிருந்தது.

பிறகு ஜுன்னர் வழியாக நாணேகாட் கணவாய். சாதவாகனர் காலத்துக் குகைக் கல்வெட்டு அங்குள்ளது. சிலப்பதிகாரம் குறிக்கும் நூற்றுவர் கன்னர் இந்தச் சாதகர்ணிகளே என்பது அறிஞர் பலர் கருத்து. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவருக்குத் தெரிந்திருந்த நாட்டில், நான் ஓராண்டு அயலானாக இருந்திருக்கிறேன்!

திரும்பும்போது மஞ்சர் அருகே வெப்பமுள் ஏறியது. காலையில் நீர் பார்க்க மறந்தது எங்கள் பிழை. நண்பர் ஒருவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினார், பிடித்து இழுத்துவிட்டேன். மூடியின் அழுத்தத்தால் உள்ளே நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த கணமே பொங்கி முகத்தில் பாயும். குக்கரின் கதைதான். அரைமணி நேரம் மரநிழலில் காத்திருந்தோம். வயலிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் குடத்தில் நீர் கொடுத்தார். பணம் நீட்டியபோது கையை விலக்கிவிட்டுத் தேநீருக்கு அழைத்தார். அவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போய் அமர்ந்தோம். இந்த நாட்டில் நான் நுழைந்த முதல் வீடு அதுவே.

அன்று ஓடிய தொலைவு 250 கிலோமீட்டர். பெட்ரோல் 15 லிட்டர். ஆளுக்கு ஏறத்தாழ நானூறு ரூபாய். இரவு பாட்டனாரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏலே, பல்லப் பாத்துத்தான வாங்குன?" என்றார்.

"இரண்டாவதைப் பார்த்து வாங்கினேன், தாத்தா" என்றேன்.