கத்தி ஏன் சீக்கிரம் மழுங்குது? வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



மண்ணூர்பேட்டை குழுக் கூட்டத்துக்கு, சமையல் வேலைக்குப் போகும் உறுப்பினர் ஒருவர் விரலில் கட்டோடு வந்தார். கல்யாண வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது. நாலு நாள் கூலி போச்சு. "புதுக் கத்திதாங்க. ஜப்பான் கத்தின்னு சொல்லி வாசல்ல வந்து தவணையில கொடுத்தாங்க. ஒரே மாசத்துல மழுங்கிடுச்சு" என்றார். அதே கத்தி வாங்க இன்னும் ஆறு பேர் அன்று உள்கடன் கேட்டிருந்தார்கள். அதனால் இந்த மாதம் கத்தியைப் பற்றிப் பேசுவோம்.

கூர்மையான கத்திதான் கையை வெட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் மழுங்கின கத்திதான் ஆபத்து. அழுத்தி வெட்டுகிறோம், அது வழுக்குது.

கூர்மை எங்கிருந்து வருது?

முதலில் இரும்பு. இரும்போடு கொஞ்சம் கரி சேர்ந்தால்தான் எஃகு. 100 கிலோவில் சுமார் 600 கிராம் கரி இருந்தால் லாரி ஸ்பிரிங் பட்டை. கொல்லர்கள் அருவாள் அடிக்கத் தேடி வாங்குவது இதைத்தான். நல்ல ஜப்பான் கத்தியில் ஒரு கிலோவோ அதற்கு மேலோ இருக்கும்.

இரண்டாவது தோய்ச்சல். பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் கெட்டிப்படும். பிறகு இளஞ்சூடு காட்டினால்தான் உடையாமல் இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹீட் ட்ரீட்மென்ட் என்று நம் வீட்டு ஆண்கள் சொல்வது இதே வேலைதான்.

ரொம்பக் கெட்டியான எஃகு உடைந்துவிடும் இல்லையா? அதற்கு ஜப்பானில் சக்காய் போன்ற ஊர்களின் கொல்லர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெட்டும் வாய்க்குக் கெட்டி எஃகு, தாங்கிப் பிடிக்க மெது இரும்பு என இரண்டையும் சேர்த்து அடிக்கிறார்கள்.

மூன்றாவது சாய்வு. சாதாரணக் கத்தியை ஒரு பக்கத்துக்கு சுமார் 20 டிகிரி சாய்வில் தீட்டுவார்கள். ஜப்பான் கத்தியில் பெரும்பாலும் 15 டிகிரிதான். வாய் மெல்லியதாக இருப்பதால் தக்காளித் தோலில்கூட சுலபமா இறங்கும். ஆனால் எலும்பு, தேங்காய் வெட்டினால் வாய் சில்லு பெயரும்.

இது நமக்குப் புதுசா?

இல்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தி அருவாளுக்கு இன்றும் பேர் இருக்கு. பரணில் கிடக்கும் பாட்டி காலத்து அருவாமனை கறுத்துத் துருப்பிடித்திருந்தாலும் நல்ல எஃகாக இருக்கலாம். தூக்கிப் போடாதீர்கள்.

வாங்கும்போது

* காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவே இல்லை என்றால் அது பெரும்பாலும் தட்டு, டம்ளர் செய்யும் எவர்சில்வர். அதில் கூர் நிற்காது. ஒட்டினாலும் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.
* மேலே எழுதிய பேரை நம்பி தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாதுகாக்க

* மரப்பலகையில் நறுக்குங்கள். கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு இரண்டும் கூரைக் கெடுக்கும்.
* எலுமிச்சை, புளி, மாங்காய் பட்டால் உடனே கழுவித் துடையுங்கள். இரும்புக் கத்திக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.
* சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். விளிம்பு நீலமாச்சுன்னா அந்த இடத்தில் தோய்ச்சல் போச்சு.
* வீட்டில் தீட்ட, நனைத்த சாணைக்கல்லில் கத்தியை வைத்து முதுகுப்பக்கம் லேசாகத் தூக்குங்கள். 5 செ.மீ. அகலக் கத்திக்குப் படுக்க வைத்த தீப்பெட்டி உயரம் தூக்கினால் சுமார் 15 டிகிரி வரும். அதே சாய்வில் இரண்டு பக்கமும் தீட்டுங்கள்.

அன்று ஆறு பேரும் கடன் மனுவைத் தள்ளி வைத்தார்கள். முதலில் குழுவுக்குப் பொதுவாக ஒரு சாணைக்கல் வாங்குவது, வீட்டில் இருக்கும் கத்தியைத் தீட்டிப் பார்ப்பது என்று தீர்மானம் எழுதினோம். உங்கள் குழுவிலும் பேசிப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பழைய அருவாமனையைத் துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்து வாருங்கள். சேர்ந்தே தீட்டுவோம்.